செயலாளரின் ஆண்டறிக்கை: கலைப்படைப்புக் கட்டுரைகளும் அவற்றின் தலைப்புகளும்

தலைவர் அவர்களே, ஆட்சிக்குழு உறுப்பினர்களே, அன்பர்களே, வணக்கம்.

கொழும்பில் இயங்கும் எமது சங்கத்தின் கலைக்கட்டுரைப் பிரிவு, தொன்மக் கதைகளைச் சித்திரிக்கும் ஓவியங்கள், சிற்பங்கள் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் தலைப்புகளைச் சீர்செய்வதிலேயே இவ்வாண்டு பெரிதும் உழைத்தது. புதிய கட்டுரைகள் குறைந்தமைக்கு இதுவே காரணம். தலைப்புக் குழம்பினால் உள்ளடக்கமும் குழம்பும் என்பதால் இந்த வரிசை சரியென்றே கருதுகிறேன்.

உரோமத் தொன்மக் காதலர்களான “வீனசும் அடோனிசும்” என்று மட்டும் தலைப்பிட்டால் எந்த ஓவியம் என்று தெரியாது. டிசியன், வெரோனேசே, ரூபென்ஸ் மூவருமே இக்கதையை வரைந்திருக்கிறார்கள். ஆகவே ஓவியர் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்க்கிறோம். டிசியன் விடயத்தில் அதுவும் போதாது. அவரும் அவரது பட்டறையினரும் இதே காட்சியைப் பலமுறை வரைந்தனர். 1554இல் ஸ்பெயின் இளவரசர் பிலிப்புக்கு அனுப்பிய படி மட்ரிட்டின் பிராடோ காட்சியகத்தில் இருக்கிறது. வேறு படிகள் லண்டன், நியூயோர்க், வாஷிங்டன் காட்சியகங்களில் உள்ளன. இவற்றுக்கு ஒரே கட்டுரையும், படிக்கொரு உட்தலைப்பும் என முடிவு செய்தோம். கட்டுரையின் ஓரத்தில் விவரங்களைத் தொகுத்துக் காட்டும் தகவற்பெட்டியில் பிராடோவின் ஆண்டும் லண்டன் படியின் அளவும் கலந்துவிடுவதுதான் மிகக் கெட்ட பிழை. பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். எனவே படம், ஆண்டு, அளவு, இருப்பிடம் நான்கையும் ஒரே காட்சியகத்தின் பட்டியலிலிருந்தே எடுங்கள். அளவில் உயரம் முன்னே, அகலம் பின்னே.

தொன்மத்துக்கும் ஓவியத்துக்கும் ஒரே பக்கம் வேண்டாம். கிரேக்கத் தொன்ம வேட்டைக்காரன் அக்டியோனின் கதையை மூன்று பந்தியில் சொல்லி, 1556 முதல் 1559 வரை டிசியன் வரைந்த ஓவியத்துக்கு ஒரு வரி ஒதுக்குவது கலைக்கட்டுரை ஆகாது. இயந்திர மொழிபெயர்ப்பை நம்பினால் வீனஸ் தேவியைக் காட்டும் பொத்திச்செல்லியின் ஓவியம் “வெள்ளியின் பிறப்பு” ஆகி, இணைப்புக் கோளுக்குப் போய்விடும்.

மாமல்லபுரப் பெரும் புடைப்புச் சிற்பம் வேறு வகைச் சிக்கல். அருச்சுனன் தபசு, கங்கை இறக்கம் என இரு விளக்கங்களும் அறிஞரிடையே நிலைத்துள்ளன. ஒன்றைத் தலைப்பாக்கி மற்றதை அதற்கு இட்டுச்செல்லும் வழிமாற்றுப் பக்கமாக்கி, முதற்பந்தியிலேயே இரண்டையும் சொல்ல வேண்டும்.

தலைப்பை மாற்றும்போது “நகர்த்து” வசதியையே பயன்படுத்துங்கள். வெட்டி ஒட்டினால் பழைய பங்களிப்பாளர்களின் வரலாறு வேறொரு பக்கத்தில் தங்கிவிடும். அது அவர்களுக்குச் செய்யும் அநீதி. நகர்த்தியபின் “இப்பக்கத்தை இணைத்தவை” பட்டியலைத் திறந்து இன்னொரு வழிமாற்றுக்கே போகும் இரட்டை வழிமாற்றுகளைத் திருத்துங்கள். மென்பொருள் ஒரு தாவலோடு நின்றுவிடும்.

படங்களில் ஓர் எச்சரிக்கை. பழைய ஓவியத்தை உள்ளபடியே நேராக எடுத்த ஒளிப்படத்துக்கு உரிமைத் தடை பெரும்பாலும் இல்லை. சிற்பத்தின் ஒளிப்படத்திலோ எடுத்தவருக்கு உரிமை உண்டு. இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீற் 1993இல் காலமானவர். இலங்கைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிப்பதால், அவர் வரைந்த பொரளை கோதமி விகாரைச் சுவரோவியங்களை எழுத்தில் விவரிப்போம், படம் ஏற்ற மாட்டோம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரும் ஆண்டில் கொழும்புத் தேசிய நூதனசாலையிலுள்ள பொலன்னறுவைச் செப்புத்திருமேனிகள் பற்றிய கட்டுரைகளை எடுத்துக்கொள்ள முன்மொழிகிறேன். அங்கு நடராசர் ஒன்றுக்கு மேல் இருப்பதால், கண்டெடுத்த சிவ தேவாலயத்தின் (சிவன் கோயிலின்) எண்ணையும் தலைப்பில் சேர்க்க வேண்டியிருக்கும்.

இவ்வறிக்கையை ஏற்று அங்கீகரிக்குமாறு சபையை வேண்டுகிறேன்.

செயலாளர்