2009-ஆம் ஆண்டுக் கட்டத்தில் என்ன எழுதுவது?

ஆஸ்திரேலிய ரக்பி லீக் ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மேற்கு சிட்னியில் பரமட்டா ஈல்ஸ் ஆடும் நாளில் தொலைக்காட்சி முன்னால் தொண்டை கிழியக் கத்தும் வீடுகளில் தமிழ் வீடுகளும் உண்டு. துங்காபியில் எங்கள் வீடு அப்படி ஒன்று. மனதில் இருப்பது எந்த மொழியில் தடையில்லாமல் வருமோ அந்த மொழியிலேயே இதை எழுதுகிறேன்.

2010 ஏப்ரல் 22 அன்று நடந்ததை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீரர்களுக்கு ஒரு கழகம் மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்தின் உச்சவரம்பை மீறியதை மறைக்க மெல்பர்ன் ஸ்டார்ம் கழகம் வைத்திருந்த இரட்டைக் கணக்கு, பறிக்கப்பட்ட 2007, 2009 பட்டங்கள், அபராதம், எஞ்சிய பருவம் முழுவதும் புள்ளியே இல்லாமல் ஆடிய அணி, எல்லாம் நீங்கள் அறிந்தவை. உங்கள் ஆணையம் உருவானது 2012-இல்தான். ஆனால் அந்த ஆண்டுகளின் பட்டியல் இன்று உங்கள் பொறுப்பில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சென்ற மாதம் என் மகன் பள்ளிக்காக ஒரு பெரிய அட்டையில் கட்டம் போட்டான். 1908-இலிருந்து ஆண்டுக்கு ஒரு கட்டம். பட்டம் வென்ற கழகத்தின் நிறத்தை அதில் தீட்ட வேண்டும். சாப்பாட்டு மேசையை மூன்று மாலைப் பொழுதுகள் விட்டுக்கொடுத்தேன். 1956 முதல் 1966 வரை செயின்ட் ஜார்ஜ் தொடர்ந்து வென்ற பதினோரு கட்டங்களையும் ஒரே மூச்சில் சிவப்பும் வெள்ளையுமாக முடித்தான். 1981, 1982, 1983, 1986 என்று எங்கள் நீலமும் மஞ்சளும் வரும் நான்கு கட்டங்களுக்கு மட்டும் பென்சிலைப் புதிதாகச் சீவிக்கொண்டான். போட்டியே இரண்டாகப் பிளந்த 1997-க்குக் குறுக்கே கோடு போட்டு ஒரு பாதியை நியூகாசிலுக்கும் மறு பாதியை பிரிஸ்பனுக்கும் கொடுத்தான். 2007-இல் கை நின்றது. அதைத் தாண்டிப் போய் 2009-இலும் நின்றது.

"அம்மா, இதற்கு என்ன நிறம்?"

நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்தது: "அந்த வருடம் இறுதிப்போட்டி நடக்கவே இல்லையா?"

நடந்தது, ஐயா. 2009 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை, ஹோம்புஷ் மைதானத்தில் நடந்தது. 82,538 பேர் பார்த்தோம். அண்ணா வாங்கிய இரண்டு டிக்கெட்டுகளில் ஒன்று என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அச்சு மங்கிவிட்டது, தேதி மட்டும் இன்னும் படிக்க முடிகிறது. எட்டாம் இடத்தில் தொற்றிக்கொண்டு உள்ளே வந்த பரமட்டா, ஒவ்வொரு அணியாகச் சாய்த்து இறுதிக்கு வந்திருந்தது. எதிரில் மெல்பர்ன் ஸ்டார்ம். 22-6 என்று பின்தங்கிய நேரத்தில் அண்ணா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்து நாங்கள் ஒரு டிரை எடுத்தோம். அடுத்து எங்கள் ஃபுயிஃபுயி மொய்மொய் தடுத்தவர்களை இழுத்துக்கொண்டே போய் விழுந்தபோது 22-16. முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். கடைசியில் 23-16 என்று தோற்றோம். திரும்பும் ரயிலில் யாரும் பேசவில்லை.

அடுத்த ஆண்டே, அந்த வெற்றி செல்லாது என்றார்கள். சரி. ஐந்து ஆண்டுகளில் சம்பள உச்சவரம்புக்கு மேல் 30 லட்சம் டாலருக்கும் அதிகமாக மறைத்துக் கொடுத்துக் கட்டிய அணி அது. பறித்தது நியாயம்தான். அந்தப் பட்டத்தை எங்களுக்குத் தாருங்கள் என்று அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. களத்தில் வெல்லாத கோப்பை எங்களுக்கு வேண்டாம்.

ஆனால் பட்டியலைப் பாருங்கள். சில இடங்களில் ஒரு கோடு, சில இடங்களில் ஒரு நட்சத்திரக் குறி. வென்றவர் பெயர் போய்விட்டது. தோற்றவர் தோல்வி மட்டும் அப்படியே நிற்கிறது. ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கம் இன்றும் ஸ்டார்ம் வீரர் பில்லி ஸ்லேட்டர் பெயரில்தான் இருக்கிறது. பதக்கம் உண்டு, வென்றவர் இல்லை. நேதன் ஹிண்ட்மார்ஷ் பரமட்டாவுக்காக 330 ஆட்டங்கள் ஆடினார். 2001 இறுதியில் தோற்றார், 2009 இறுதியில் தோற்றார், 2012-இல் ஒரு பட்டமும் இல்லாமல் ஓய்வு பெற்றார். 2001-இல் நியூகாசிலிடம் தோற்றார் என்று என் மகனுக்குச் சொல்ல முடிகிறது. 2009-இல் யாரிடம் தோற்றார்? உங்கள் பட்டியலின்படி யாரிடமும் இல்லை.

இதைக் கேட்கிறேன்: 2007-க்கும் 2009-க்கும் நேராக நடந்ததை முழுதாக எழுதுங்கள். ஆடிய இரு அணிகள், புள்ளிக் கணக்கு, பட்டம் பறிக்கப்பட்ட தேதி, அதற்கான காரணம். மூன்று வரி போதும்.

இடம் இல்லை என்று சொல்ல முடியாது. 1909-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இறுதிப்போட்டிக்கு பால்மெய்ன் அணி வர மறுத்தது. எதிரணியே இல்லாத அந்த ஆட்டத்துக்காக சவுத் சிட்னிக்குப் பட்டம் கொடுத்தார்கள். அது இன்றும் அவர்களுடைய 21 பட்டங்களில் ஒன்று. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால், ஒரு அணி வராத ஆட்டம் ஏட்டில் முழுதாக இருக்கிறது. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து இரண்டு அணிகளும் வந்து எலும்பு நோக மோதிய ஆட்டம் வெறும் கோடாக இருக்கிறது. 1997-க்கு இரண்டு பெயர் எழுத இடம் இருந்தது. உண்மையை எழுத மட்டும் இடம் இல்லையா?

எங்கள் குற்றத்தை மறைத்துக்கொண்டு நான் பேசவில்லை. 2016-இல் எங்கள் கழகமும் இதே உச்சவரம்பை மீறியது. 12 புள்ளிகள் போயின, பத்து லட்சம் டாலர் அபராதம், ஆக்லாந்தில் வென்ற ஒன்பதின்மர் ஆட்டக் கோப்பையும் போயிற்று. வெட்கமாக இருந்தது. அதையும் காரணத்தோடு எழுதுங்கள். பிள்ளைகள் படிக்கட்டும்.

சொல்லத் தொடங்கினால் நிற்காது. நியூட்டவுன் 1908-இலேயே தொடங்கிய கழகம். மூன்று பட்டங்கள் வென்றது. 1983-க்குப் பிறகு முதல் பிரிவில் அதற்கு இடமில்லை. இன்று ஆடும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? பருவத்தின் முதல் ஆட்டங்களை லாஸ் வேகஸில் நடத்த அணிகளை விமானம் ஏற்றி அனுப்பப் பணமும் ஆளும் இருக்கின்றன. சொந்த வரலாற்றில் இரண்டு வரியை நிரப்ப இத்தனை ஆண்டுகளாக ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை என்றால் எனக்குக் கோபம் வருகிறது. வராமல் எப்படி இருக்கும்?

மன்னியுங்கள். கேட்க வந்தது ஒன்றுதான். 2007, 2009 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் அணிகளின் பெயர், புள்ளிக் கணக்கு, பறிப்பு, காரணம் ஆகியவற்றை அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்த்து, எல்லாரும் அதையே அச்சிடும்படி செய்யுங்கள். தயவுசெய்து அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன் செய்யுங்கள்.

என் மகன் அட்டையைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டான். 2009-ஆம் கட்டத்தில் நிறம் தீட்டவில்லை. பென்சிலால் சிறிய எழுத்தில் "23-16, அம்மா பார்த்தார்" என்று எழுதியிருக்கிறான்.

பணிவுடன்,
துங்காபியிலிருந்து ஒரு பரமட்டா ரசிகை