வாலிபர் ஐக்கிய சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

கர்த்தருக்குள் அன்பான சங்கத் தலைவரும் சபைக் குருவானவருமாகிய ஐயரவர்களுக்கும், ஐயரம்மா அவர்களுக்கும், சபை ஊழியருக்கும், சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், சங்கத்தின் அண்ணன்மார், தம்பி தங்கைகள் அனைவருக்கும் இயேசுவின் இனிய நாமத்தில் என் ஸ்தோத்திரங்கள்.

சென்ற ஆண்டு அறிக்கை வாசிக்கப்பட்டபோது ஆலயச் சுவரில் வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோடு இன்னும் காயவில்லை. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நான் விவரிக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுபோனது. தாமிரபரணிக் கரையில் குடியிருக்கிற நாம் எல்லோரும் அதைப் பார்த்தவர்கள். இந்த ஆண்டில் நம் சங்கம் செய்த முக்கியமான வேலை அந்த நாட்களில்தான் தொடங்கியது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்தின உபவாச காலமாகிய லெந்து நாட்களில் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக் கூட்டங்கள் நடந்தன. மார்ச் 24 குருத்தோலைப் பவனிக்கும், மார்ச் 31 உயிர்த்தெழுந்த பண்டிகையின் அதிகாலை ஆராதனைக்கும் ஆலய அலங்காரம் நம் பொறுப்பில் நடந்தது. மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளியில் நம் சகோதரிகள் ஆசிரியைகளாக உழைத்தார்கள். ஆகஸ்டு 15 விளையாட்டுப் போட்டிகள் நல்லபடியாக நடந்தேறின. 1903இல் திருநெல்வேலித் திருச்சபையார் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்துக்கு வழக்கம்போல் காணிக்கை அனுப்பினோம். தோத்திரப் பண்டிகையில் சங்கத்தின் கடையும், முதற்பலன் பொருட்களின் ஏலமும் நடந்தன. டிசம்பரில் கீதபவனி எல்லாத் தெருக்களுக்கும் சென்றது.

அக்டோபரில் இடையன்குடிக்கு ஒருநாள் பயணம் போய்வந்தோம். அதைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை. மிஷனரியாகிய கால்டுவெல் ஐயர் 1841இல் அந்தச் செம்மணல் தேரிக்கு வந்தார். 1847இல் தொடங்கிய ஆலய வேலை 1880இல்தான் முடிந்து பிரதிஷ்டை ஆனது. 33 ஆண்டுகள்! கொத்து வேலைக்கும் கல் வேலைக்கும் பணம் வரும்வரை காத்திருந்து, நிறுத்தி, மறுபடி தொடங்கிக் கட்டியிருக்கிறார்கள். அவருடைய சரீரமும் அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. நம் பிள்ளைகள் ஆலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தோடு அந்த 33 என்ற எண்ணையும் ஊருக்குக் கொண்டுவந்திருந்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும்.

இனி வியாழக்கிழமை வாசிப்பு ஊழியம்.

வெள்ளம் வடிந்ததும் அரிசி, போர்வை, பாய் கொடுக்க வீடு வீடாகப் போனோம் அல்லவா? அப்போதுதான் நம் சபையில் ஆலயத்துக்கு வர முடியாமல் படுக்கையிலும் திண்ணையிலும் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பது தெரிந்தது. ஒரு வீட்டில் ஒரு பாட்டியம்மா தன் வேதாகமத்தைக் கயிற்றுக் கட்டிலில் விரித்து வெயிலில் காயவைத்திருந்தார்கள். சேற்றுத் தண்ணீர் ஏறிய இடத்தில் பழுப்பு வரை விழுந்திருந்தது. சங்கீதப் புத்தகத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பலகைபோல ஆகிவிட்டன. அவற்றை விரல் நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பார்வை மங்கி வாசிக்க முடியாமல் போய்ப் பல வருஷமாகிறது. ஆனாலும் பிரித்தார்கள். அரிசிப் பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "யாராவது ஒரு அதிகாரம் வாசித்துவிட்டுப் போங்கள் ராசா" என்றார்கள். எங்களில் ஒருவர் கையிலும் வேதாகமம் இல்லை. கைப்பேசியில் தேடி வாசித்தோம்.

2024ஆம் ஆண்டுக்குச் சங்கத்தின் வாக்குத்தத்த வசனமாக ஏசாயா 40:31ஐ ஐயரவர்கள் கொடுத்தார்கள். "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து" என்ற அந்த வசனம் அட்டையில் அச்சாகி எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. அந்தப் புதுப்பெலனுக்கு நாம் என்ன வழி வைத்திருக்கிறோம் என்று ஜனவரி கமிட்டியில் கேட்டேன். அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் இந்தத் திட்டம். வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். திங்கள் முதல் சனி வரை நாளுக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் வாரத்துக்கு 23. 52 வாரங்களில் 1196. ஒரு வருஷத்துக்குள் முழுவதையும் முடித்துவிடலாம். அங்கத்தினர் ஒவ்வொருவரும் இதைத் தன் வீட்டில் செய்ய வேண்டும். வியாழக்கிழமை மாலை இரண்டிரண்டு பேராகப் படுக்கையிலிருப்போர் வீடுகளுக்குப் போய், அந்த வாரப் பகுதியிலிருந்து அவர்கள் கேட்கிற அதிகாரத்தைச் சத்தமாக வாசித்து, ஜெபித்துவிட்டு வர வேண்டும். காபி, பலகாரம் ஏற்பாடு செய்யச் சொல்லக் கூடாது, கைப்பேசியில் படம் எடுக்கக் கூடாது என்ற இரண்டே விதிகள்.

ஜனவரி கடைசியில் லேவியராகமம் தொடங்கியதும் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். நோயாளிகளுக்குச் சங்கீதம் மட்டும் வாசித்தால் போதுமே, குஷ்டரோகப் பிரமாணமெல்லாம் எதற்கு என்று கமிட்டியிலேயே கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் படுக்கையிலிருப்பவர்களிடமிருந்தே வந்தது. பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா எண்ணாகமத்தின் பேர்வழி அட்டவணையை ஒரு பெயர் விடாமல் வாசிக்கச் சொன்னார். அறுபது வருஷம் பள்ளியில் வருகைப் பதிவேடு பார்த்த வீட்டுக்காரர்கள் அவர்கள், தகப்பனாரும் ஆசிரியர். "ஆண்டவர் ஒருவர் பெயரையும் விடவில்லை, நாம் ஏன் விட வேண்டும்?" என்று வாய் கோணியபடியே சொன்னார். அன்று வாசித்த தம்பி அதன்பின் ஒரு வியாழக்கிழமையும் தவறவில்லை.

அந்தப் பாட்டியம்மா வீட்டுக்குப் பதினொன்றாம் வகுப்பு படிக்கிற தம்பி ஒருவன் போய்வந்தான். ஜூன் கடைசியில் வந்த 119ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார்கள். 176 வசனங்கள்; எட்டெட்டாக 22 பிரிவுகள். எல்லா வசனமும் ஒன்றுபோல இருப்பதால் நடுவில் இவனுக்குக் கண் வழுக்கி ஒரு வரி தாண்டிவிட்டது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டியம்மா கையை உயர்த்தி நிறுத்தி, விட்டுப்போன வசனத்தைத் தாமே சொல்லி, "இப்போது மேலே போ" என்றார்கள். சிறு பிள்ளையாக ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தது. வெள்ளத்துக்குத் தாள்தான் எட்டியது. பயல் வீட்டுக்கு வந்து தானும் அந்தச் சங்கீதத்தை மனப்பாடம் செய்யத் தொடங்கினான். இப்போது பதினான்கு பிரிவு முடித்திருக்கிறான். சபையில் எழுந்து நின்று வாய் திறக்கக் கூச்சப்பட்டவன், ஆண்டிறுதி ஆராதனையில் நோயாளிகளுக்கான ஜெபத்தை ஏறெடுத்தான். படுக்கையிலிருப்பவர்கள் ஒவ்வொருவருடைய உபாதையும் அவனுக்குத் தெரிந்திருந்தது. தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டியாகிய லோவிசாளுக்குள் இருந்தது என்று பவுல் எழுதுகிறார். ஊழியம் செய்யப்போகிறோம் என்று நினைத்துப் போன நம் பிள்ளைகள்தான் அந்த வீடுகளில் அதிகமாகப் பெற்றுக்கொண்டார்கள்.

இது சபை ஊழியர் செய்ய வேண்டிய வேலை, வாலிபர் சங்கத்துக்கு விளையாட்டும் பவனியும் போதும் என்று சிலர் வெளியே பேசுவது என் காதுக்கு வந்தது. சபையில் இப்படிப் பேசிப் பிரித்தால் யாருக்கு ஊழியம் மிஞ்சும்? அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் பந்தி விசாரிக்கத் தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேரில் ஸ்தேவானும் பிலிப்புவும் இருக்கிறார்கள். ஒருவர் முதல் இரத்தசாட்சி, மற்றவர் சமாரியாவுக்குச் சுவிசேஷம் கொண்டுபோனவர். பந்தியிலும் உண்மையாக இருந்தார்கள், வசனத்திலும் உண்மையாக இருந்தார்கள். சபை ஊழியருக்கு நான்கு ஊர் இருக்கிறது. ஒரு கால் ஓய்வதில்லை. அவருக்குக் கைகொடுப்பது நமக்குக் குறைச்சல் அல்ல.

இப்போது வருத்தத்தோடு சொல்ல வேண்டியது. சபையார் கூடி உண்ணும் அசன விருந்துக்கு முந்தின இரவு வெங்காயம் உரிக்கவும், தேங்காய் துருவவும், அண்டா இறக்கவும் வந்த கூட்டத்தைப் பார்த்து மனம் குளிர்ந்தது. உட்கார இடமில்லை, அரிவாள்மணை போதவில்லை. அடுத்த வியாழக்கிழமை வாசிப்புக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஐந்து வீடுகளுக்கு இரண்டு பேர். சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கிறவர்களை நான் சொல்லவில்லை. அவர்களில் சிலர் தொலைபேசியிலேயே தங்கள் பாட்டி தாத்தாவுக்கு வாசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள், கர்த்தர் அவர்களை ஆசீர்வதிப்பாராக. உள்ளூரில், ஆலயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு வசனத்துக்கும் "ஆமென்" போட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வராதவர்களைச் சொல்கிறேன். "சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல்" என்று எபிரெயருக்கு எழுதின நிருபம் சொல்வது நமக்கும்தான்.

மே மாத வாசிப்பில் நெகேமியா மூன்றாம் அதிகாரம் வந்தது. எருசலேமின் மதிலாகிய அலங்கத்தைக் கட்டினவர்களின் பெயர்ப் பட்டியல் அது. தட்டாரும் தைலக்காரரும் வருகிறார்கள். சல்லூம் என்பவன் தன் குமாரத்திகளோடு வந்து கட்டுகிறான். தெக்கோவா ஊரார் கட்டினார்கள், ஆனால் அவர்களுடைய பிரபுக்கள் ஆண்டவருடைய வேலைக்குத் தங்கள் கழுத்தைக் கொடுக்கவில்லை என்று ஐந்தாம் வசனத்தில் எழுதியிருக்கிறது. அதே அதிகாரத்தில் 27ஆம் வசனத்தைப் பாருங்கள்: அந்தத் தெக்கோவா ஊரார் இன்னொரு பங்கையும் கட்டியிருக்கிறார்கள். பெரியவர்கள் வராத குறையைச் சேர்த்துச் சுமந்தவர்கள் சாதாரண ஜனங்கள். அலங்கம் 52 நாளில் முடிந்தது. இந்த ஆண்டு நம்மிடையே இரண்டு பங்கு சுமந்தவர்கள் யார் யார் என்பது எனக்குத் தெரியும். பெயர் சொன்னால் அவர்களுக்கே பிடிக்காது என்பதால் சொல்லவில்லை.

சந்தா விஷயமும் அப்படியே. மாதம் முப்பது ரூபாய். ஆண்டு முழுவதும் ஒழுங்காகக் கட்டியவர்கள் பெரும்பாலும் படிக்கிற பிள்ளைகளும் தையல் வேலைக்குப் போகிற தங்கைகளும்தான். சம்பாதிக்கிறவர்களிடம் பொருளாளர் ஞாயிறுதோறும் ரசீதுப் புத்தகத்தோடு நின்று "அடுத்த வாரம்" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பினார். வெள்ளாளன்விளையில் பிறந்து 1912இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலின் பேராயரான அசரியா, அங்கே அன்றாடக் கூலிக்குப் போகிற குடும்பங்களையும் காணிக்கை கொடுக்கப் பழக்கினார். பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தார்கள். நம் பாட்டிமார் செய்ததும் அதுவே. அந்தப் பிடி அரிசியில் வளர்ந்த சபையில் முப்பது ரூபாய்க்கு இத்தனை தவணை கேட்பது நியாயமா?

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், பண்டிகைக் கடையும் பவனிக் காணிக்கையும் நம்மைத் தாங்கின. சந்தா வரவு எதிர்பார்த்ததற்குக் கீழே. வெள்ள நிவாரணத்தில் மீந்ததை இரண்டு பேருடைய கண் அறுவைச் சிகிச்சைக்குப் போகவரச் செலவிட்டோம். சென்ற ஆண்டைவிடக் கையிருப்பு சற்றுக் குறைவு. கடன் இல்லை. கணக்குப் புத்தகத்தை யாரும் எப்போதும் பார்க்கலாம்.

ஆலோசனை தந்து நடத்திய ஐயரவர்களுக்கும், மாதக் கூட்டங்களுக்குத் தேநீர் தந்த ஐயரம்மா அவர்களுக்கும், சபை ஊழியருக்கும், ஒலிபெருக்கி, பந்தல் உதவியவர்களுக்கும், பாடகர் குழுவுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும், துணைச் செயலாளருக்கும், பொருளாளருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். என் பொறுப்புக் காலம் இந்தக் கூட்டத்தோடு முடிகிறது. யார் செயலாளராக வந்தாலும் சாவியையும் பதிவேடுகளையும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். வியாழக்கிழமை வாசிப்பில் என் பங்கை விடமாட்டேன். இந்த மாதம் வாசிப்பு கேட்டு இன்னும் மூன்று வீடுகளிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இப்போதுள்ள ஆட்களை வைத்துக்கொண்டு "வருகிறோம்" என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அதில் ஒரு வீட்டில் தனியாக இருப்பவர் ஒரு சகோதரி; அங்கே போக இரண்டு தங்கைகள் வேண்டும். தலைமையாசிரியர் ஐயா வீடு தெற்குத் தெருவின் கடைசியில் இருப்பதால் இரு சக்கர வாகனம் உள்ளவர் ஒருவர் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டால் நலம். வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

புதிய ஆண்டின் வாசிப்பு அட்டவணையும், வியாழக்கிழமைக்குப் பெயர் எழுதும் நோட்டும் ஆலய வாசல் மேசையில் இருக்கின்றன. நிலுவைச் சந்தாவை வாங்கப் பொருளாளரும் ஆராதனை முடிந்ததும் அதே மேசையில் உட்கார்ந்திருப்பார். இந்த அறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளும்படி தாழ்மையோடு சமர்ப்பிக்கிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
செயலாளர்,
வாலிபர் ஐக்கிய சங்கம்