அந்த நீலக்கல் அசுரைட்டு இல்லை, வதனி

வெள்ளவத்தை, கொழும்பு 6
ஞாயிறு இரவு

அன்பின் வதனி,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபித்துக்கொண்டுதான் இருப்பாய், கோபி. ஆனால் இந்தக் கடிதத்தை முழுதாக வாசித்துவிட்டுக் கோபி. போனில் சொல்லியிருக்கலாம்தான். சொல்லத் தொடங்கினால் நீ நடுவில் வெட்டி வேறு கதைக்குப் போய்விடுவாய், நானும் பேசாமல் விட்டுவிடுவேன். முப்பத்தொன்பது வருடமாக அப்படித்தானே விட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

வீட்டுச் செய்தியை முதலில் முடிக்கிறேன். அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது, இப்போது பேப்பரைக் கையில் எடுத்தால் கீழே வைக்கிறா இல்லை. சின்னவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. பரமேஸ் அக்கா உன்னை விசாரித்தவ. நீ அனுப்புவதாகச் சொன்ன பாய் இன்னும் வரவில்லையாம். அது உன் பாடு.

இனி விடயத்துக்கு வருகிறேன். எங்கள் பழைய ஆய்வுகூடத்தை இடிக்கப் போகிறார்கள். ஜன்னலுக்குக் கீழே நின்ற அந்தக் கறுத்த மர அலுமாரி ஞாபகம் இருக்கும், நீ ஏறி நின்று மின்விசிறியில் தாவணியைச் சிக்கவைத்த அலுமாரி. அதை ஏலத்துக்கு அனுப்ப முதல் லாச்சிகளை வெறுமையாக்கும்படி அதிபர் என்னிடம் சொன்னார். கடைசி லாச்சி இறுகிப்போய் இருந்தது. இரண்டு பிள்ளைகள் சேர்ந்து இழுத்த பிறகுதான் வந்தது. உள்ளே பழுத்துப்போன பத்திரிகைக் கடதாசியில் சுற்றிய கற்கள். எட்டாவதாக அவிழ்த்ததுதான் அந்த நீலக்கல்.

கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. தீப்பெட்டி அளவு வெள்ளைப் படிகக்கல். ஒரு மூலையில் கலீனா என்ற ஈயத் தாதுவின் சாம்பல் மினுக்கம். நடுவில் ஒரு குழி. அந்தக் குழிக்குள் முழுக்க நீலப் பளிங்குகள், சின்னச் சின்னக் கத்தி அலகுகளாக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு. ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பினால் ஒரு பக்கம் கறுப்பாகத் தெரிகிறது, மறுபக்கம் திருப்பியவுடன் பேனை மைபோல நீலம் ஊறிக்கொண்டு வருகிறது. பின்பக்கத்தில் நாங்கள் துண்டு உடைத்த இடம் அப்படியே இருக்கிறது. கீழே ஒட்டிய லேபிளும் அதேதான், ஆங்கிலத்தில் பழுப்பு மையில்: அசுரைட்டு, கம்பர்லாந்து.

1986, வியாழக்கிழமை செய்முறை வகுப்பு. மற்ற மேசைகளுக்கெல்லாம் சுண்ணாம்புக்கல், எங்கள் மேசைக்கு இது. அசுரைட்டு ஒரு காபனேற்று, அதைக் காட்டவேண்டும், அவ்வளவுதான் வேலை. ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் விட்டால் நுரைக்கவேண்டும். நீ விட்டாய். நுரைக்கவில்லை. “அமிலம் பழசு” என்றா மிஸ். புதுப் போத்தல் வாங்கிவந்து விட்டாய், அப்போதும் நுரைக்கவில்லை. மூன்றாம் முறை நீ தலையைக் குனிந்து பார்த்துவிட்டு மெல்லிய குரலில் சொன்னது எனக்கு இன்றும் கேட்கிறது: “மங்கை, இது வெள்ளையாகுதடி.”

நானும் பார்த்தேன், வதனி. வெள்ளையாகத்தான் ஆனது. ஒரு குமிழிகூட இல்லை.

நீ கொப்பியில் “நுரைக்கவில்லை, நீலம் வெள்ளையாக மாறியது” என்று எழுதினாய். நான் உன் பக்கத்திலேயே இருந்துகொண்டு “குமிழிகள் தோன்றின” என்று எழுதினேன். எனக்குப் பத்துக்குப் பத்து. உன் பக்கத்தில் சிவப்புப் பேனையால் குறுக்காக ஒரு கோடு. அதோடு நிற்கவில்லை, முழு வகுப்புக்கும் முன்னால் “கண்ணாலே பார்க்கத் தெரியாதவைக்கு விஞ்ஞானம் எதுக்கு” என்று ஒரு பேச்சும். நான் எழும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று பஸ்ஸில் நீ எனக்கும் சேர்த்து உப்புத்தூள் போட்ட மாங்காய் வாங்கித் தந்தாய். அதை நான் தின்றேன்.

சரி, இப்போது கேள். போன செவ்வாய், பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு அந்தச் சோதனையை நான் திரும்பச் செய்தேன். அத்தானிடம் வாங்கிய பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பை வைத்துக்கொண்டு, கடுகளவு துணுக்கு ஒன்றில் ஒரு துளி அமிலம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு விளிம்பிலிருந்து ஒரு மங்கல் ஏறியது, கண்ணாடியில் மூச்சு விட்டாற்போல. சிறிது நேரத்தில் நீலத்தின் மேல் வெள்ளைப் படை. குமிழி இல்லவே இல்லை. நீ எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்றத் தேவையில்லை.

அந்த வெள்ளை என்னவென்று உனக்கு இப்போதே பொறி தட்டியிருக்கும். ஈயக் குளோரைட்டு. அப்படியானால் கல்லுக்குள் ஈயம் இருக்கவேண்டும், அசுரைட்டில் ஈயமே இல்லையே. குளிர்நீரால் இரண்டு தரம் கழுவிச் செப்பைப் போக்கிவிட்டு, வெந்நீரில் அந்த வெள்ளையைக் கரைத்து, தெளிந்த நீரில் பொற்றாசியம் அயடைட்டு விட்டேன். மஞ்சள், ஈய அயடைட்டு. நீ ஒவ்வொரு தவணையும் மிஸ்ஸிடம் கெஞ்சிச் செய்யச்சொல்லும் அந்தப் பொன்மழைதான், சோதனைக்குழாயின் அடியில் ஒரு சிட்டிகை. தனியாக நின்று அழுதேன்.

அதன் பெயர் லினரைட்டு. ஈயம் ஒன்று, செப்பு ஒன்று, சல்பேற்று ஒன்று, ஐதரொட்சைட்டு இரண்டு. அசுரைட்டு என்பது செப்பின் காபனேற்று. இது ஈயமும் செப்பும் சேர்ந்த சல்பேற்று. காபனேற்றே இல்லாத கல் எப்படி நுரைக்கும்? கனியங்களை வகுப்பவர்கள் இரண்டையும் வெவ்வேறு வகுப்பில்தான் வைக்கிறார்கள், அசுரைட்டைக் காபனேற்றுகளோடு, இதைச் சல்பேற்றுகளோடு. நிறத்தை நம்பினால் கெட்டோம், ஏனென்றால் இரண்டுக்கும் நீலத்தைக் கொடுப்பது ஒரே செப்பு அயன், மயில்துத்தத்தை நீலமாக்குகிற அதே ஆள். பளிங்கு வடிவத்தை நம்பலாமா என்றால் இரண்டுமே ஒருசாய்வுத் தொகுதி. உரைத்துப் பார்த்தால் இரண்டும் தட்டில் வெளிர்நீலக் கோடுதான் போடும். லேபிள் எழுதியவரையும் நான் குறை சொல்லமாட்டேன், இந்த நீலத்தைப் பார்த்தால் முதலில் அசுரைட்டு என்றுதான் யாருக்கும் வாயில் வரும்.

பிரிப்பதற்கு வழி இருக்கிறது. ஒன்று தொடக்கம் பத்து வரையான மோஸ் அளவில் அசுரைட்டின் வன்மை மூன்றரை தொடக்கம் நாலு. இது இரண்டரை, ஏறத்தாழ விரல் நகத்தளவுதான். அசுரைட்டு தண்ணீரைவிட 3.8 மடங்குதான் கனம்; இது 5.3 மடங்குக்கு மேல். எல்லாவற்றிலும் எளிதானது நீ செய்த சோதனை. ஒரு துளி அமிலம், நுரைக்கிறதா வெள்ளையாகிறதா என்று பார்ப்பது. கனியவியல் புத்தகங்களில் லினரைட்டை அடையாளம் காண முதலில் சொல்வது அதைத்தான். பதினெட்டு வயதில், புத்தகம் இல்லாமல், அதை நீ கண்ணால் கண்டு எழுதி வைத்தாய்.

லேபிளின் இரண்டாவது சொல்லையாவது யாராவது யோசித்திருக்கலாம். பெயர் ஸ்பெயினில் லினரஸ் என்ற ஈயச் சுரங்க ஊரிலிருந்து வந்தது, 1839இல் கிளொக்கர் என்ற கனியவியலாளர் வைத்தது. ஆனால் இங்கிலாந்தில் நல்ல லினரைட்டு என்றால் கம்பர்லாந்துதான், கால்ட்பெக் மலைப்பக்கத்து ரெட் கில், ரௌட்டன் கில் சுரங்கங்கள். எங்கள் கல்லும் வெள்ளைக்காரன் காலத்தில் அந்தப் பக்கமிருந்து கப்பலேறி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். மூலையில் ஒட்டியிருக்கும் கலீனாவைப் பார்த்தால் பிறந்த கதையும் தெரிகிறது. ஈய சல்பைட்டும் செப்பு சல்பைட்டும் கலந்த பாறை நாளத்தில், நிலத்துக்குக் கிட்டவாக, மழைநீரும் காற்றும் இறங்கி சல்பைட்டைச் சல்பேற்றாக்கும். இரண்டு உலோகமும் ஒரே இடத்தில் கரைந்து வந்து சேர்ந்தால் இது விளையும். அப்படிச் சேர்வது அருமை, அதனால்தான் இந்தக் கல்லும் அருமை.

அத்தானுக்குக் காட்டினேன். மனுஷன் முப்பது வருடமாக நீலமாணிக்கக் கல்லையே பார்த்துப் பழகினவர். லூப்பில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு “நிறம் இரத்தினபுரி நீலத்தையே வெல்லும், ஆனால் மோதிரத்தில் வைத்தால் ஒரு கிழமை தாங்காது” என்று திருப்பித் தந்தார். வன்மை ஒன்பது உள்ள கல்லை விற்பவருக்கு இரண்டரை எந்த மூலைக்கு? எனக்கோ இரவில் நித்திரை இல்லை. இப்படி ஈயமும் செப்பும் சேர்ந்த கனியங்களைத் தேடித் தேடி வாசிக்கிறேன். கலிடோனைட்டு என்று ஒன்று, நீலப்பச்சை, அதில் சல்பேற்றும் காபனேற்றும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. மிஸ்ஸிடம் அது அகப்பட்டிருந்தால் என்ன செய்திருப்பா! போலியைட்டு என்று இன்னொன்று, மெக்சிக்கோவின் பாஜா கலிபோர்னியாவில் போலியோ சுரங்கத்திலிருந்து, 1891இல் விவரித்தது. சதுரமுகி வடிவ நீலக் கட்டிகள். ஈயம் 26, செப்பு 24, வெள்ளி 9, குளோரீன் 62 என்று அதன் சூத்திரம் போகிறது. சமன்பாடு சமப்படுத்துவதில் நீதானே எங்களுக்குள் கெட்டிக்காரி, இதை ஒருமுறை எழுதிப் பார்.

உன் மகன் பேராதனையில் பௌதிகம் படிக்கிறான் அல்லவா, அவனிடம் ஒன்று சொல். லினரைட்டுக்குள் செப்பு அணுக்கள் மணிமாலை கோத்ததுபோல ஒரே வரிசையாக ஓடுகின்றன. அடுத்தடுத்த செப்புகள் காந்தத்தில் ஒரே திசையைப் பார்க்கத்தான் விரும்பும். ஒன்றைத் தாண்டி ஒன்று எதிர்த்திசையைப் பார்க்க விரும்பும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க முடியாதே. 2.8 கெல்வினுக்குக் கீழே, அதாவது பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 270 பாகை செல்சியசுக்கு, குளிர்ந்தால் அவை சுருள்படிபோலச் சுழன்று ஒழுங்காகின்றன. பௌதிகக்காரர் இதற்காகவே இந்தக் கல்லைத் தேடி அலைகிறார்கள். லாச்சிக்குள் பத்திரிகையில் சுற்றிக் கிடந்தது அப்பேர்ப்பட்ட சாமான்.

நான் கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை. அந்தத் தவணை முடிந்து நீ வர்த்தகப் பிரிவுக்கு மாறினாய். அப்பாவுக்கு விருப்பம், வங்கி வேலை கிடைக்கும் என்றெல்லாம் சொன்னாய். நான் நம்பினேன், நம்பினால் எனக்கும் லேசாக இருந்தது. வதனி, அந்தச் சிவப்புக் கோட்டால்தான் மாறினாயா? நான் அன்று உண்மையை எழுதியிருந்தால் மேசையில் இரண்டு கொப்பியிலும் ஒரே முடிவு இருந்திருக்கும். இரண்டு பேர் கண்டதைப் பழைய அமிலம் என்று தள்ளியிருக்க முடியுமா? உன்னைவிடப் பாதிகூடக் கெட்டித்தனம் இல்லாத நான் முப்பது வருடமாக இரசாயனம் படிப்பிக்கிறேன். நீ காசோலை எண்ணினாய். ஆம் என்றால் ஆம் என்றே எழுது. சமாதானம் சொல்லி எழுதாதே, எனக்கு அது வேண்டாம். மிஸ் போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது, அவவிடம் கேட்க வழியில்லை. நான் இருக்கிறேன், என்னிடம் நீ கேட்கலாம், ஏசலாம்.

கல்லை இப்போதைக்கு ஹோர்லிக்ஸ் போத்தலில் பஞ்சு வைத்து மூடி வைத்திருக்கிறேன். ஈயம் அல்லவா, பிள்ளைகள் கையில் கொடுக்கும் சாமான் இல்லை. நானே தொட்டால் இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறேன். புதுக் கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க அதிபர் சம்மதித்துவிட்டார். பழைய லேபிளைக் கிழிக்க மனமில்லை, பக்கத்தில் புதிது ஒன்று வைக்கப்போகிறேன். எழுதியும் விட்டேன்: “லினரைட்டு. ஈய செப்பு ஐதரொட்சி சல்பேற்று. கம்பர்லாந்து. அசுரைட்டு அல்ல என்று 1986இல் இப்பாடசாலை மாணவி” — அதற்குப் பிறகு உன் பெயரைக் கல்யாணத்துக்கு முந்தின முதலெழுத்தோடு எழுதவா, இப்போதைய முதலெழுத்தோடு எழுதவா?

அந்தச் செய்முறைக் கொப்பி உன்னிடம் இருக்கிறதா? நீ எதையும் எறியாதவள் என்று தெரியும். இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, சிவப்புக் கோட்டோடேயே. வெள்ளிக்கிழமை லொறி வருகிறது, அதற்குள் பதில் போடு. பரமேஸ் அக்காவின் பாயையும் மறக்காதே.

அன்புடன்,
மங்கை