வாங்குற விலைய மட்டும் சொன்னா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம மலேசிய விமானப்படைக்கு தென்கொரியாவுலேருந்து வாங்குற எஃப்ஏ-50 ஜெட் விமானங்க பத்தி உங்க பத்திரிகைல வந்த செய்தியப் படிச்சேன். 2023 மே மாசம் லங்காவித் தீவுல லீமா விமான, ஆயுதக் கண்காட்சி நடந்தப்ப கையெழுத்தான ஒப்பந்தம், 18 விமானம், 92 கோடி அமெரிக்க டாலர், நம்ம காசுக்கு 400 கோடி வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல. செய்தி அதோட முடிஞ்சிருச்சு. எனக்கு அது பத்தல. இந்த 400 கோடிங்கறது கடைலேருந்து வெளிய எடுக்கறதுக்கு ஆகுற காசு, அத 30 வருஷம் பறக்க வைக்க என்ன ஆகும்னு அரசாங்கம் சொல்லல, நாமளும் கேக்கறதில்ல.

நான் பினாங்கு பிறை தொழிற்பேட்டைல ஒரு தொழிற்சாலைல மெயின்டெனன்ஸ் ஸ்டோர்ல ரொம்ப வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். மெஷின் வாங்கறப்ப முதலாளிங்க எல்லாரும் விலையத்தான் பேசுவாங்க, ரிப்பன் வெட்டுவாங்க, போட்டோ எடுப்பாங்க, அப்புறம் மூணு வருஷம் கழிச்சு ஒரு சின்ன சீல் ரிங்குக்காக மெஷின் நாலு மாசம் நிக்கும், அந்த ரிங்கு வெளிநாட்டுலேருந்துதான் வரணும், அவன் சொல்றதுதான் விலை. தொழிற்சாலைல நின்னா ஆர்டர்தான் போகும். வானத்துல நின்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்துல குடியிருக்கறவன் நான், ஹார்னெட் போர் விமானம் கிளம்புற சத்தத்துல வீட்டு ஜன்னல் ஆடும், உள்ள உக்காந்திருக்கறதும் யாரோ பெத்த பிள்ளைங்கதானேங்கற நெனப்பு ஒவ்வொரு தடவையும் வரும்.

நம்ம நாடு விமானம் வாங்கின கதைய ஒரு தடவை திரும்பிப் பாருங்க. 80கள்ல அமெரிக்காகிட்ட பழைய ஸ்கைஹாக் போர் விமானம் 88 வாங்கினோம், அதுல புதுப்பிச்சு இங்க வந்து பறந்தது 40தான், மிச்சம் அரிசோனா பாலைவனத்துலயே கிடந்துச்சு. 90கள்ல ஒரே நேரத்துல ரஷ்யாகிட்ட மிக்-29 பதினெட்டு, அமெரிக்காகிட்ட ஹார்னெட் எட்டு. மிக்குக்கு ஒரு பகுதி காச செம்பனை எண்ணெயாக் குடுத்தோம்னு பெருமையா பேசினோம், ரெண்டு வல்லரசையும் சமமா வச்சுக்கிட்டோம்னு சொன்னாங்க, அரசியலுக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கீழ நிக்கற டெக்னீசியனுக்கு அது ரெண்டு விதமான டூல்ஸ், ரெண்டு விதமான பயிற்சி, ரெண்டு விதமான ஸ்டோர், ரெண்டு பாஷைல மேனுவல். அப்புறம் 2003ல சுகோய்-30 பதினெட்டு, சுமார் 90 கோடி டாலர், அதோட சேர்த்து ஒரு மலேசியர விண்வெளிக்கு அனுப்பறதா ரஷ்யா ஒத்துக்கிட்டு 2007 அக்டோபர்ல டாக்டர் ஷேக் முசாபர் போயிட்டு வந்தாரு. நாடே டிவி முன்னால உக்காந்து பாத்துச்சு, நானும் பாத்தேன், சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த சுகோய்க்குள்ள ரஷ்ய இன்ஜின், பிரெஞ்சு கருவி, தென்னாப்பிரிக்க கருவின்னு பல நாட்டு சாமான் இருக்கு, இத இருபது முப்பது வருஷம் யார் பாத்துக்குவா, எந்தெந்த நாட்டுகிட்ட கையேந்தணும்னு அன்னிக்கி யாரும் மக்கள்கிட்ட விளக்கிச் சொல்லல.

அதுக்கு பதில் 2018 ஜூலைல வந்துச்சு. அப்ப தற்காப்பு அமைச்சரா இருந்த முகமட் சாபு நாடாளுமன்றத்துல எழுந்து நின்னு, நம்மகிட்ட இருக்கற 28 ரஷ்ய விமானத்துல 4தான் பறக்குதுன்னு சொன்னாரு. இருபத்தெட்டுல நாலு! ஸ்பேர் பார்ட்ஸும் மெயின்டெனன்ஸும்தான் பிரச்சினை. மத்த நாடா இருந்தா இத வருஷக்கணக்கா பேசியிருப்பாங்க, இங்க ரெண்டு வாரத்துல அடங்கிருச்சு. அந்த விஷயம் வெளிய வந்ததே ஆட்சி மாறினதாலதான், மாறலைன்னா நமக்குத் தெரிஞ்சிருக்காது, அதுதான் என்னால ஏத்துக்க முடியல. இப்ப 2022க்கு அப்புறம் ரஷ்யா மேல மேல்நாடுங்க போட்ட தடைங்க வேற, ரஷ்ய ஆயுதம் வாங்குற நாட்டையே அமெரிக்கா தண்டிக்கற சட்டமும் இருக்கு, அதுக்கு பயந்துதான் இந்தோனேசியாவும் சுகோய்-35 திட்டத்த விட்டுட்டு பிரான்ஸ்கிட்ட ரஃபால் வாங்கப் போச்சு.

சரி கொரியா விமானம்னா பிரச்சினை இல்லன்னு சிலர் சொல்றாங்க. அதுல இருக்கற எஃப்404 இன்ஜின் அமெரிக்க ஜிஇ கம்பெனியோடது. நல்ல இன்ஜின்தான், நம்ம ஹார்னெட்லயும் அதே குடும்பத்து இன்ஜின் ஓடுது, ஆளுங்களுக்குப் பழக்கம், அது ஒரு லாபம்னு நான் ஒத்துக்கறேன். ஆனா சாவி வாஷிங்டன்ல இருக்கு. நம்ம ஆளுங்க பல பேர் கோப்பிக்கடைல "தேஜஸ் வாங்கியிருக்கலாம், நம்ம இந்தியா விமானம்"னு ஆதங்கப்பட்டாங்க, தேஜஸும் எஃப்404லதான் ஓடுது, இன்ஜின் வர லேட்டானதால இந்திய விமானப்படையே புது தேஜஸுக்கு காத்துக்கிடக்க வேண்டியதாச்சு. பாசத்த வச்சு விமானம் தேர்ந்தெடுக்க முடியாதுங்க.

அப்புறம் டாலர். ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் டாலர்லதான் வாங்கணும். 2005 வரைக்கும் ஒரு டாலர் 3 வெள்ளி 80 காசுன்னு கட்டி வச்சிருந்தாங்க, 2024 பிப்ரவரில அது 4 வெள்ளி 80 காசுகிட்ட போச்சு. 10 கோடி டாலருக்கு பார்ட்ஸ் வாங்கணும்னா முன்ன 38 கோடி வெள்ளி, அப்புறம் அதே சாமானுக்கு 48 கோடி, ஒரு நட்டு கூட கூடுதலா வராது. இந்தப் பத்து கோடி வித்தியாசத்த எந்த அமைச்சராவது ஒப்பந்தம் போடுற அன்னிக்கி சொல்லியிருக்காரா?

பணக்கார நாடுகளுக்கே இது தீராத தலைவலி. அமெரிக்காவோட எஃப்-35 விமானங்கள கடைசி வரைக்கும் வச்சுப் பராமரிக்க ஆகுற செலவு 2018ல 1.1 லட்சம் கோடி டாலர்னு கணக்கு சொன்னாங்க, 2023 கணக்குல அது 1.58 லட்சம் கோடி ஆயிருச்சு. சுவிட்சர்லாந்துல 2020ல மக்கள்கிட்ட ஓட்டுக்கே விட்டு 50.1 சதவீதத்துல பாஸாகி, விலை மாறாதுன்னு நம்பி 36 எஃப்-35 எடுத்தாங்க, 2025ல அமெரிக்கா இன்னும் பல கோடி டாலர் ஆகும்னு சொல்லிருச்சு. ஆனா ஒண்ணு பாருங்க, அந்தக் கணக்கெல்லாம் அவங்க மக்களுக்குத் தெரியுது. அமெரிக்காவுல நாடாளுமன்றத்துக்குக் கீழ இருக்கற தணிக்கை அலுவலகம் எத்தனை சதவீத விமானம் பறக்கற நிலைல இருக்குன்னு வெளிப்படையா எழுதுது. நம்மகிட்ட மட்டும் கேட்டா பாதுகாப்பு ரகசியம். எதிரிக்குத் தெரிஞ்சுரும்னு சொல்றாங்க, எதிரிகிட்ட சாட்டிலைட் இருக்குங்க, அவனுக்குத் தெரியும், வரி கட்டுற நமக்குத்தான் தெரியாது.

ரகசியம்னு மூடி வச்ச இடத்துல என்னென்ன நடந்துச்சு? 2007ல சுங்கை பெசி தளத்துலேருந்து எஃப்-5 விமானத்தோட ரெண்டு ஜெட் இன்ஜின் காணாமப் போச்சு, நமக்குத் தெரிஞ்சதே 2009 டிசம்பர்ல, கடைசில அது உருகுவே நாட்டுல இருந்துச்சு. எம்டி-530ஜி ஹெலிகாப்டர் ஆறு, 32 கோடி வெள்ளி, முன்பணமா மூணுல ஒரு பங்குக்கு மேல குடுத்தாச்சு, சொன்ன நேரத்துல வரல, 2022லதான் வந்துச்சு. கடற்படைக்கு ஆறு கப்பல்னு 900 கோடி வெள்ளி ஒப்பந்தம் போட்டு 600 கோடி குடுத்தும் ஒரு கப்பலும் வரலைன்னு 2022ல நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அறிக்கை வந்தத எல்லாரும் படிச்சோம். நேரடிப் பேச்சுவார்த்தை, நடுவுல ஒரு கம்பெனி, அதுக்கு நடுவுல ஒரு ஏஜெண்டு. 2025 ஆகஸ்ட்ல மெர்சிங்ல மாமன்னரே இத வெளிப்படையா கண்டிச்சாரு, 30 வருஷத்துக்கு மேல பழசான பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்ல நம்ம பிள்ளைங்கள ஏத்தணுமா, ஸ்கைஹாக்ல செஞ்ச தப்ப திரும்பச் செய்யணுமான்னு கேட்டாரு, ஏஜெண்டுங்க ஆதிக்கத்தையும் சொன்னாரு. அடுத்த சில நாள்லயே ஆகஸ்ட் 21ஆம் தேதி குவாந்தான்ல ஒரு ஹார்னெட் கிளம்பறப்பவே விழுந்து எரிஞ்சுச்சு, ரெண்டு பேரும் உயிர் தப்பிச்சாங்க, அந்த வீடியோவப் பாத்துட்டு அன்னிக்கி ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

விமானமே வேண்டாம், அந்தக் காசுல ஆஸ்பத்திரி கட்டுன்னு சொல்றவங்க கட்சில நான் இல்ல. 2013ல சபா மாநிலத்து லஹாட் டத்துவுல ஊடுருவினவங்க மேல குண்டு போட்டது ஹார்னெட்டும் ஹாக் ஜெட்டும்தான். 2021 மே 31ஆம் தேதி சரவாக் கடல்பக்கம் 16 சீன ராணுவ விமானம் வந்தப்ப லாபுவான்லேருந்து நம்ம ஹாக் எழும்பிப் போய் பாத்துச்சு. விமானம் வேணும். பறக்கற விமானம் வேணும்.

அடுத்து பெரிய போர் விமானம் வாங்குற பேச்சு எப்படியும் வரும், 2017ல தள்ளிப்போட்டது இன்னும் நிக்குது, ரஃபாலா டைஃபூனா வேற எதுவான்னு திரும்பவும் ஆரம்பிப்பாங்க, குவைத்தோட பழைய ஹார்னெட் பத்தி எத்தனை வருஷமா பேசினாங்கன்னு பாத்தோம். அதுக்கு முன்னால தற்காப்பு அமைச்சு ரெண்டு விஷயத்த நாடாளுமன்றத்துல வைக்கணும்னு கேக்கறேன். வாங்குற விலையோட இன்ஜின் ஓவர்ஹால், ஸ்பேர் பார்ட்ஸ், பயிற்சி, ஆயுதம் எல்லாம் சேர்த்து 30 வருஷ செலவு, இது ஒண்ணு. வருஷா வருஷம் இருக்கறதுல எத்தனை பறக்குதுங்கற கணக்கு, அது ரெண்டாவது, முழுசா வெளிய சொல்ல முடியாதுன்னா பொதுக் கணக்குக் குழுகிட்டயாவது கதவ சாத்திக்கிட்டு சொல்லட்டும், அங்க எதிர்க்கட்சி ஆளுங்களும் இருக்காங்க.

நம்ம தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ்ப்பள்ளி, கோயில் நிலம், அடையாள அட்டை இதுக்கெல்லாம் குரல் குடுக்கறீங்க, குடுக்கணும், ஆனா தற்காப்பு அமைச்சுக்கு 2025 பட்ஜெட்ல ஒதுக்கின 2,100 கோடி வெள்ளிக்கு மேலான பணத்துல நம்ம வரியும் இருக்கு, அந்தப் படைல நம்ம பிள்ளைங்களும் இருக்காங்க. அடுத்த கூட்டத்தொடர்ல எஃப்ஏ-50க்கு 30 வருஷ பராமரிப்புச் செலவு என்னன்னு ஒரே ஒரு கேள்விய எழுத்துல குடுங்க. என்ன பதில் வந்தாலும் ஆசிரியர் அவர்கள் அத முதல் பக்கத்துல போடணும்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் வாசகர்