ஒரு வயரா, இரண்டு வயரா

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்புள்ள சிவா,

அம்மாவுக்கு, இதயத்தைத் துடிக்க வைக்கிற மெஷினான பேஸ்மேக்கர் வைக்கவேணும் என்று எழுதியிருந்தாய். ஒரு வயர் என்றால் மெஷினிலிருந்து இதயத்தின் கீழறைக்கு மட்டும் போகும், இரண்டு என்றால் மேலறைக்கும் போகும். ஒரு வயரா இரண்டு வயரா என்று முடிவெடுக்க, விலையைப் பார்க்க முன்னம் ஈசிஜியைப் பார். மேலறை ஒழுங்காகத் துடித்தும் அந்தத் துடிப்பு கீழறைக்கு இறங்காமல் தடைப்படுகிறது என்றால் இரண்டுதான் நல்லது. ஒன்றோடு விட்டால் இரண்டு அறையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் துடிக்கும். மூடிய வால்வில் மோதிய இரத்தம் கழுத்து நாளத்துக்குத் திரும்பும். கழுத்து திக்திக்கென்று அடிக்கும், பிரஷர் இறங்கும், தலை சுற்றும். மெஷினில் பழுதிராது, வகைதான் பொருந்தியிராது. ஆனால் நிரந்தர ஏட்ரியல் பிப்ரிலேஷன், அதாவது மேலறை எப்போதும் ஒழுங்கில்லாமல் படபடக்கிற நிலை என்றால் மேலறை வயரால் பயனில்லை, ஒன்றே போதும்.

ஒரு வயர் வைத்தால் நடைக்கேற்பத் துடிப்பைக் கூட்டும் சென்சர் இருக்கிறதா என்று கேள். அது பெரும்பாலும் உடல் அசைவைத்தான் உணரும். மரின் டிரைவில் நடக்கும்போது சரியாகக் கூட்டும், மெதுவாகப் படியேறும்போது போதாது, குலுங்குகிற ஓட்டோவில் வீணாகக் கூட்டும். கிளினிக்கில் கத்தி வைக்காமல் வெளியிலிருந்தே இதைத் திருத்தலாம். மாடிப்படியில் அம்மாவுக்கு மூச்சு இளைத்தால், வயசுதானே என்று யார் சொன்னாலும் விட்டுவிடாதே.

கீழறையை நெடுகலும் மெஷினே துடிக்க வைத்தால் சிலருக்குக் காலப்போக்கில் இதயம் பலவீனமாகும். கிளினிக் போகும் ஒவ்வொரு முறையும், மொத்தத் துடிப்பில் எத்தனை வீதத்தை மெஷின் துடிக்க வைத்தது என்று கேட்டுக் கொப்பியில் குறித்து வை. கால் வீங்கினால் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்கச் சொல்.

மெஷின் வைத்த பிறகு நாலிலிருந்து ஆறு கிழமை கவனம். இடப்பக்கம் வைத்தால் அந்தக் கை தோளுக்கு மேலே போகக்கூடாது, வயர் இடம் மாறிவிடும். கொண்டை போட இரண்டு கையும் தூக்கவேணும், ஆகவே யாராவது தலைவாரிக் கட்டிவிடுங்கள். சேலைத் தலைப்பின் ஊசியும் அந்த இடத்தில்தான் வரும். வெட்டு காயும்வரை வீட்டில் ஹவுஸ்கோட் போதும். அதற்காகக் கையைக் கட்டித் தொங்கவிடாதே, தோள் இறுகிவிடும். முழங்கையும் விரலும் அசையட்டும்.

போனை மெஷினிலிருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளி, மற்றக் காதில் வைத்துப் பேசட்டும். வெட்டு இடம் சிவந்தாலோ பொம்மினாலோ ஊசி குத்தி நீர் எடுக்க விடாதே, கிருமி உள்ளே போய்விடும். உடனே வைத்த டொக்டரிடமே கூட்டிப் போ.

ஈசிஜியைப் படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
குமார்