முதல் நாளே பல்லை ராவ வேண்டாம்: தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், வெனீர் எனப்படும், முன்பல்லின் மேல் மெல்லிய ஓடு ஒட்டும் சிகிச்சையை அளித்துவரும் பல் மருத்துவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தருமபுரி மாவட்டத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் பகுதி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதும், அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் முன்பற்களில் பழுப்புக் கறை ஏறியிருப்பதும் தாங்கள் நன்கு அறிந்தவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டபின் காவிரி நீர் வந்தது. ஆனால் நிலைத்த முன்பற்களின் கடினமான மேலடுக்கான எனாமல் ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுவதால், அந்த வயதைத் தாண்டிய பிறகு நல்ல நீர் கிடைத்தவர்களின் பற்களில் ஏற்கெனவே ஏறிய கறை அப்படியே தங்கிவிட்டது. அவர்கள் இன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறார்கள்; வேலைக்கான நேர்முகத் தேர்வும் திருமணப் பேச்சும் நடக்கும் வயது அது. வாயைக் கையால் மறைத்துச் சிரித்தே பழகிய என் பழைய மாணவர்கள் சிலர், கைப்பேசியில் பார்த்த விளம்பரத்தை நம்பிச் சேலத்துக்கோ பெங்களூருக்கோ புறப்படுமுன், மருத்துவரிடம் என்ன கேட்பது, எதைக் கொண்டுபோவது என்று என்னிடம் கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்லும் தகுதியும் கடமையும் தங்களுக்கே உண்டு என்பதால் தங்களிடம் வருகிறேன்.

என் வேண்டுகோள் இதுதான். வெனீர் வேண்டி வருபவரின் முதல் சந்திப்பைப் பரிசோதனைக்கும் பேச்சுக்கும் மட்டுமே ஒதுக்க வேண்டும். அன்றைக்கே பல்லை ராவக் கூடாது. அந்தச் சந்திப்புக்கு எப்படி ஆயத்தமாகி வருவது என்பதை எளிய தமிழில் எழுதிய ஒரு தாள், முன்பதிவு செய்யும்போதே அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

பீங்கான் வெனீர் ஒட்டுவதற்கு இடம் வேண்டிப் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுக்கு எனாமலை நீக்குகிறார்கள். கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் மேல்வரிசை முன்பல்லின் ஈறோரத்தில் எனாமலின் மொத்தக் கனமே ஏறக்குறைய அவ்வளவுதான். தோலில் பட்ட காயம் ஆறிவிடும், முறிந்த எலும்பும் கூடிவிடும், எனாமல் மட்டும் திரும்ப வளர்வதில்லை. அதைக் கடந்து, அதற்கு அடியிலுள்ள டென்டின் என்ற அடுக்குவரை ராவிவிட்டால் ஒட்டின் பிடிப்பும் தளர்கிறது, கூச்சமும் சேர்கிறது. அப்படி ராவிய பல்லுக்குப் பிறகு ஆயுள் முழுவதும் ஏதாவது ஒரு மூடல் தேவைப்படும். நன்றாகச் செய்த பீங்கான் வெனீர் பத்து, பதினைந்து ஆண்டுகள் நிற்கக்கூடும் என்று வைத்துக்கொண்டாலும், இருபத்தைந்து வயதில் அதைப் பொருத்திக்கொள்பவர் அறுபதைத் தொடுமுன் இரண்டு மூன்று முறையாவது மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் செலவும் உண்டு, பல்லுக்குச் சேதம் நேரும் வாய்ப்பும் உண்டு. இந்தக் கணக்கை முதல் சந்திப்பிலேயே எடுத்துச் சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் மனதார மதிக்கிறேன். எல்லோரும் அப்படிச் சொல்ல வேண்டும் என்பதே என் ஆசை.

வெனீர் என்று கேட்டுப் போனவர், பல்லைச் சுற்றிலும் ராவி, அதை முழுவதும் மூடும் உறையான கேப் போட்டுக்கொண்டு திரும்புவதும் நடக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துச் சம்மதித்துவிடுகிறார்கள். 2002இல் வெளியான ஓர் ஆய்வு, ஈறுக்கு வெளியே தெரியும் பல்பகுதியின் எடையில் வெனீருக்காக நீக்கப்படுவது 3 முதல் 30 விழுக்காடு என்றும், முழு உறைக்காக நீக்கப்படுவது 63 முதல் 72 விழுக்காடு என்றும் கணக்கிட்டது. இவ்வளவு பெரிய வேறுபாட்டை ராவும் கருவி வாய்க்குள் வருமுன்பே நோயாளி அறிந்திருக்க வேண்டாமா? 2008இல், நோயாளியின் ஒப்புதல் பற்றிய சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், மாற்று வழிகள், முக்கிய அபாயங்கள் ஆகியவற்றைப் போதிய அளவு தெரிவித்த பிறகு பெறும் ஒப்புதலே செல்லும் என்றும், பரிசோதனைக்குத் தந்த ஒப்புதலைச் சிகிச்சைக்குத் தந்த ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது என்றும் கூறியது. நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து வைத்திருப்பவரிடம் அவசரமாகக் கையெழுத்து வாங்குவது அந்தத் தீர்ப்பின் உணர்வுக்கு ஒத்துவராது.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்ல நான் மருத்துவன் அல்லன். ஆனாலும் மருத்துவர்கள் சொல்லக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை வைத்துச் சிலவற்றைக் கேட்கிறேன். சர்க்கரை நோய், இரத்தம் உறையாமலிருக்க உட்கொள்ளும் மாத்திரை, கருவுற்றிருத்தல் போன்றவற்றை மறைக்காமல் சொல்லும்படி அதில் எழுதுங்கள். நெஞ்செரிச்சலைப் பற்றியும் தவறாமல் கேளுங்கள். இரைப்பை அமிலம் வாய்வரை ஏறி வந்து எனாமலைக் கரைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு வெனீர் உடையும் வாய்ப்பு அதிகம், ஆனால் கடிப்பவருக்கு அது தெரிவதில்லை. ஆகவே அம்மாவிடமோ மனைவியிடமோ கணவரிடமோ கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். பாக்கு மெல்வது, கரும்பைக் கடித்து உரிப்பது, சோடா மூடியைப் பல்லால் திறப்பது எல்லாம் அந்த முதல் பேச்சில் வெளிவர வேண்டும். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிகிறது என்றால், அதைச் சரிசெய்த பிறகே அழகு சிகிச்சை என்பதும் இருக்கட்டும். பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுவர வேண்டும். விரும்பும் நடிகரின் படத்தோடு, பகல் வெளிச்சத்தில் எடுத்த தன் சொந்தச் சிரிப்பின் படமும் வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட, தன் பல்லில் தனக்குப் பிடிக்காதது எது என்று வருபவர் முன்கூட்டியே யோசித்து வருவது முக்கியம் என்று நான் கருதுகிறேன். நிறமா, இடைவெளியா, உடைந்த முனையா, வரிசை பிசகியதா என்பதைப் பொறுத்து வழி மாறுகிறது. வரிசை பிசகியதற்குக் கிளிப் போதுமானதாக இருக்கலாம். எங்கள் பிள்ளைகளின் ஃபுளோரைடு கறை லேசாக இருந்தால், வெண்மையாக்கும் சிகிச்சையும், எனாமலின் மேற்பரப்பை மட்டும் மிக மெல்லிதாகத் தேய்த்தெடுக்கும் முறையும், ரெசின் என்ற பிசினை எனாமலுக்குள் ஊடுருவச் செய்யும் முறையும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டுப் போதாதபோதுதான் வெனீர் என்று சொல்லும் மருத்துவருக்கு வருமானம் குறையலாம். அவரைத் தேடித்தான் அந்த வீட்டின் அடுத்த பிள்ளையும் வரும்.

வெண்மையாக்க எண்ணுபவர் அதை வெனீருக்கு முன்பே செய்துகொள்ள வேண்டும்; பீங்கானின் நிறம் பிறகு மாறாது. வெண்மையாக்கியபின் ஒட்டுவதற்குச் சுமார் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டும். ஆகவே முகூர்த்த நாள் நெருங்கிய பிறகு ஓடிவர வேண்டாம் என்ற வரியும் தாளில் இடம்பெறட்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றையும் அதே தாளில் அச்சிட்டுத் தாருங்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கோட்டின் முன் கேள்வி கேட்க நா எழாது. தாளில் இருந்தால் வாசித்தாவது கேட்பார்கள். எத்தனை பல்லுக்கு, எவ்வளவு ராவ வேண்டும், ராவாமலே முடியுமா, பீங்கானா, பல் நிறப் பிசினான காம்போசிட்டா, உடைந்தால் யார் செலவு, ஒரு பல்லுக்கு என்ன கட்டணம் என்பவற்றுக்கு எழுத்தில் விடை கிடைக்க வேண்டும். கணினித் திரையில் காட்டும் புன்னகைப் படத்தோடு நிறுத்திவிடாமல், மெழுகு மாதிரி செய்து, அதன்படி தற்காலிகப் பூச்சை வாயிலேயே பொருத்திக் காட்டுவீர்களா என்றும் அவர்கள் கேட்கட்டும். இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க விரும்பினால் சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களுக்குப் போகலாம் என்பதையும், அப்படிப் போவதை எந்த மருத்துவரும் தவறாக எண்ணமாட்டார் என்பதையும் மன்றத்தின் பெயரிலேயே அச்சிட்டால் அவர்களுக்குத் துணிவு வரும்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மன்றத்தின் ஒரு சுற்றறிக்கையும் ஒரு பக்கத் தாளும் போதும். தாளின் வரைவு தயாரானால், அதன் தமிழைச் சரிபார்த்துத் தரவும், எங்கள் மாவட்டத்தில் நூலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் கொண்டுசேர்க்கவும் என்னுடன் பணியாற்றிய ஆசிரியர்கள் சிலரும் நானும் ஆயத்தமாக இருக்கிறோம். தங்கள் மறுமொழியை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
தருமபுரி மாவட்டம்