தொடை வலுத்தால் தாவல் 'தானாக' உயராது

ஆசிரியருக்கு வணக்கம்.

வாலிபால் பயிற்சி பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை, தொடை வலுத்தால் தாவும் உயரம் தானாகக் கூடும் என்கிறது. வலு வேண்டும்தான். அந்தத் 'தானாக'வில்தான் கோளாறு.

நின்ற இடத்திலிருந்து எம்பும்போது மூட்டுகள் எல்லாம் ஒன்றாக விரிவதில்லை. முதலில் இடுப்பு, அடுத்து முழங்கால், கடைசியில் கணுக்கால். உடல் மேலே எழத் தொடங்கியதிலிருந்து கால் தரையை விடும்வரை மொத்தமே சுமார் 0.3 விநாடிதான் என்பதால் வெறும் கண்ணுக்கு இந்த வரிசை தெரியாது. செல்போனில் ஸ்லோமோஷன் வைத்துப் பக்கவாட்டில் எடுத்தால் தெரியும்.

வரிசை எதற்கு? பள்ளிக்கூடக் கவராயத்தை விரித்துப் பாருங்கள். பாதி விரிந்த நிலையில் ஒவ்வொரு பாகைக்கும் முனைகள் நன்றாக விலகும். நேர்கோட்டை நெருங்கியதும், எவ்வளவு விரித்தாலும் விலகல் சொற்பம். முழங்காலும் அப்படியே. கால் நேராக ஆக, முழங்கால் சுழலும் வேகம் உடலைத் தூக்க உதவாது. அந்த வேகத்தை வீணாக்காமல் வாங்கிக்கொள்வது கெண்டைக்கால் தசை. அதன் மேல்முனை முழங்காலுக்கு மேலே தொடை எலும்பிலும், கீழ்முனை குதிகாலிலும் பிடித்திருக்கிறது. முழங்கால் நிமிரும்போது இத்தசை கயிறு போல இறுகிக் குதிகாலை மேலே இழுக்கும். தொடையின் உழைப்பு கணுக்கால் வழியாகத் தரைக்குப் போகும். ஆனால் அது சரியான கணத்தில் இறுக வேண்டும்.

தொடையை மட்டும் வலுவாக்கினால் இந்தக் கணக்குத்தான் பிசகுகிறது. முழங்கால் முந்திக்கொண்டு நிமிர்ந்துவிடும். இடுப்பும் கணுக்காலும் தங்கள் வேலையை முடிப்பதற்குள் கால் தரையை விட்டுவிடும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1994-இல் கணினி மாதிரி ஒன்றில் இதைச் சோதித்தார்கள். தசை வலுவைக் கூட்டி, தசைகளை இயக்கும் நேரக்கணக்கைப் பழையபடியே விட்டபோது தாவல் குறைந்தது. புது வலுவுக்கேற்ப நேரத்தைத் திருத்திய பிறகே உயர்ந்தது. ஆகவே ஸ்குவாட் (எடையைச் சுமந்து உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்யும் வாரங்களில் தாவலும் கூடவே நடக்க வேண்டும்: எடை தூக்குவதற்கு முன், களைப்பில்லாத காலில், முழு மூச்சாக 5 தாவல்கள், 2 நிமிட ஓய்வு, இப்படி 3 அல்லது 4 சுற்று. தண்டனை போல 100 தவளைப் பாய்ச்சல் வாங்குவதில் (இன்னும் பல மைதானங்களில் நடக்கிறது) பழகுவது களைத்த காலின் தப்பு வரிசை மட்டுமே.

இன்னொன்று. குனிந்து எழும்பினால் உயரம் கூடுவதற்கு 'ஸ்பிரிங் சக்தி'யே காரணம் என்றும் எழுதியிருந்தீர்கள். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களின் மீள்தன்மைக்கு அதில் பங்கு உண்டு, ஆனால் பெரிய காரணம் நேரம். தசை முழு விசையை எட்டச் சற்று நேரம் பிடிக்கும். கீழே இறங்கும் உடலைத் தடுத்து நிறுத்தும்போதே விசை ஏறிவிடுவதால், மேலே கிளம்பும் முதல் அங்குலத்திலிருந்தே அது முழுதாகக் கிடைக்கிறது. உட்கார்ந்த நிலையில் அசையாமல் இருந்து எம்பினால் தூரத்தின் ஒரு பகுதி விசை ஏறுவதிலேயே போய்விடும். வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான் என்றாலும் வலைக்கு மேலே அது பெரிய விஷயம்.

உயரத்தை அளப்பதிலும் ஏமாற்று உண்டு. கால் தரையில் படாமல் இருந்த நேரத்தை வர்க்கப்படுத்தி 1.226-ஆல் பெருக்கினால் மீட்டரில் உயரம் வரும்: 0.5 விநாடிக்கு 31 செ.மீ., 0.6-க்கு 44 செ.மீ. முழங்காலை மடக்கி இறங்குபவர் தரையைத் தாமதமாகத் தொடுவதால், தாவாத உயரமும் கணக்கில் சேர்ந்துவிடும். அளக்கும்போது மட்டும் கால் நீட்டி, முன்பாதத்தில் இறங்கச் சொல்லி, தரை தொட்டதும் மடக்கச் சொல்லுங்கள். அப்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்பதையும் முன்பக்கமிருந்து இன்னொரு வீடியோ எடுத்துப் பார்த்துவிடலாம். சாய்ந்தால் மூட்டில் எலும்புகளைப் பிணைக்கும் தசைநாருக்கு ஆபத்து. அதைத் திருத்தும்வரை தாவல் எண்ணிக்கையைக் கூட்டக் கூடாது.

– வாலிபால் பயிற்சியாளர், தேனி